சோப்புப் போட்டுக் கழுவக்கூடிய பாட்டு

போன டிசம்பரில் மழை விடாமல் கொட்டிய ஒரு வாரத்தின் முடிவில், சலவைத் தூள் எடுப்பதற்காக, சிங்கப்பூரில் எங்கள் வீட்டு பாம் ஷெல்டரின், அதாவது குண்டுவெடிப்புக்குத் தப்ப வீட்டுக்குள்ளேயே கட்டிய அறையின், கதவைத் திறந்தேன். நனைந்த அட்டைப்பெட்டியை வெயில் காட்டாமல் மடித்து வைத்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. பின்தட்டில் என் எல்பிக்கள், பெரிய கறுப்பு இசைத்தட்டுகள், வரிசையாக நின்றுகொண்டிருந்தன. உறைகளின் ஓரமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரிப் பூஞ்சை. ஒன்றை உருவி விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புத் தட்டின் மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

அதே அலமாரித் தட்டில் ஒரு காலணிப் பெட்டி நிறைய சிடிக்களும் இருந்தன. அவற்றையும் பூஞ்சை விட்டுவைக்கவில்லை. ஆனால் அன்று இரவு சாப்பாட்டுக்குள் சிடிக்கள் எல்லாம் பிழைத்துவிட்டன. எல்பிக்களில் பாதி இன்னும் தேறவில்லை.

மனத்துக்குப் பிடித்த இசைத்தொகுப்பையும் படத்தையும் ஆவணப்படத்தையும் எதில் வைத்துக்கொள்வது என்று நண்பர்கள் கேட்டால், நான் இப்போது சொல்லும் பதில் அந்த இரவில் பிறந்தது. எல்பி, சிடி, மாதச் சந்தா கட்டிப் போனில் கேட்பது, மூன்றுக்கும் காசு செலவழித்திருக்கிறேன். இப்போது சிடி பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆகவே நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஊரறிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வசதியில் போனை எதுவும் மிஞ்சாது. பெருவிரைவு ரயிலில் தொங்கிக்கொண்டு எல்பி கேட்க முடியாது. அழகில் எல்பி. பன்னிரண்டு அங்குல அட்டையில் இருக்கும் ஓவியத்தைப் போன் திரையில் பார்ப்பது, கோயில் கோபுரத்தைச் சாவிக்கொத்தில் பார்க்கிற மாதிரி. ஒலித்தரம் பற்றிய சண்டைக்குள் நான் வரவில்லை. சிடி நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து வைக்கிறது, எல்பி அலையை அப்படியே வரியாகச் செதுக்குகிறது, எது உசத்தி என்று அடெல்ஃபி கடைத்தொகுதியில் ஹைஃபை ஒலிக்கருவிக் கடை வாசலில் நின்று நாள்கணக்காகப் பேசலாம். என் நாலறை வீட்டில் கீழே பேருந்து நிறுத்தம், மேலே நாற்காலியை இழுத்துக்கொண்டே இருக்கும் மனிதர்கள். அந்த நுணுக்கமெல்லாம் என் காதுவரை வந்து சேர்வதில்லை.

போனில் கேட்பதில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு. இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு. அதில் ஒரு பாட்டுக்குப் பெயர் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. அதை அடுத்து வருவது ‘அண்ட் வீ ஹேட் எ டாக்’. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன், அப்புறம் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு தலைப்பும் சேர்ந்துதான் ஒரு வாக்கியம். பாக்கின் தனி வயலின் துண்டு ஒன்று ஓட, அதைச் சுற்றி ராஜாவின் வயலின்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒருநாள் போன் தன் இஷ்டத்துக்கு வரிசையைக் கலைத்து, பேச்சை முதலில் போட்டுவிட்டது. நடுவில் ஏதோ ஒரு படத்தின் குத்துப்பாட்டு. அதன் பிறகுதான் பாக் வீட்டுக்குள் நுழைகிறார். அந்த வசதியை அணைத்து வைக்கலாம், தெரியும். ஆனாலும் அன்று எனக்கு ஏதோ மரியாதைக் குறைவு நடந்ததுபோல் இருந்தது. (அந்தத் தொகுப்பில் ‘டோன்ட் கம்பேர்’ என்றே ஒரு பாட்டு இருக்கிறது. ஒப்பீடு எழுத உட்கார்ந்தவனுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.)

இருப்பதும் இல்லாமல் போவதும் நம் கையில் இல்லை என்பது இன்னொன்று. 2023 மார்ச்சில் பாட்டுத் தளமான ஸ்பாட்டிஃபையும் பாட்டு நிறுவனமான ஸீ மியூசிக்கும் உரிம உடன்பாட்டுக்கு வராததால் ஏராளமான இந்திப் பாடல்கள் அந்தத் தளத்திலிருந்து மறைந்தன. பாட்டுக்காவது வேறு வழி உண்டு. சிறிய படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் அதுவும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த ஆவணப்படம் டான் பின் பின் 2005இல் எடுத்த ‘சிங்கப்பூர் காகா’. ஒரு மணி நேரம்கூட ஓடாது. தெருப்பாடகர்கள், ரயில் அறிவிப்புக் குரலுக்குரியவர், பொம்மைப் பியானோ வாசிக்கும் மார்கரெட் லெங் டான் என்று இந்த ஊரை வெறும் சத்தங்களாலேயே காட்டும் படம். டிவிடி அலமாரியில் இருப்பதால் வருடத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூவின் ‘மை மேஜிக்’ 2008இல் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போன படம். அதில் பேசுவது நம் தமிழ். அந்த மாதிரிப் படங்களைக் கோடிக்கணக்கான தலைப்புகளுக்கு நடுவே ஒரு தளம் நமக்காகப் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்பி உட்கார எனக்குத் தைரியமில்லை. பார்க்கலாம் என்று குறித்து வைத்த ஒரு படம், தீபாவளி விடுமுறையில் தேடியபோது இல்லாமல் போனதை ஒருமுறை அனுபவித்தாகிவிட்டது.

ஆக, கையில் பொருளாக இருக்க வேண்டும். அது எல்பியா, சிடியா? இங்கேதான் ஈரம் வருகிறது.

எல்பி பராமரிப்பைப் பற்றி இணையத்தில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வது. அவர்கள் கவலை தூசி. நம் கவலை காற்று. சிங்கப்பூரில் விடியலுக்குச் சற்று முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில்கூட 60 அளவில்தான் நிற்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? பாம் ஷெல்டர் இன்னும் மோசம். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அது உண்டு. கெட்டியான கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. குண்டுவெடிப்பின் அதிர்வை உள்ளே விடாமலிருக்கக் கட்டிய அறை, உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடுவதில்லை. நாம் அதைச் சாமான் அறையாக வைத்து, அரிசி மூட்டை, பெட்டி, பழைய மின்விசிறி எல்லாவற்றையும் அடைத்துக் கதவைச் சாத்தி வைக்கிறோம். நான் எல்பியையும் சேர்த்து அடைத்தேன். தப்பு என் மேல்தான்.

எல்பியில் பூஞ்சை முதலில் பிடிப்பது காகிதத்தை. வெளியுறை அட்டை, உள்ளுறைக் காகிதம், நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள். உள்ளுறையிலிருந்து அது வரிகளுக்குள் இறங்குகிறது. அதோடு போட்டால், ஊசி வரியிலிருக்கும் பூஞ்சையைத் தள்ளிக்கொண்டே போகும். பாட்டுக்குள் யாரோ முறுக்கு தின்கிற சத்தம். கழுவலாம். ஆனால் லேபிள் நனையக் கூடாது. குழாய்த்தண்ணீர் காய்ந்தால் வரிக்குள் உப்பு தங்குமென்று காய்ச்சி வடித்த நீர் வாங்க வேண்டும். வரியின் போக்கிலேயே மெல்லிய தூரிகையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பிறகு தூசி படாத இடத்தில் நிற்கவைத்துக் காயப்போட வேண்டும். மழைக்கால வீட்டில் துவைத்த துணியே காயாது, இது எங்கே காயும்? ஒரு தட்டுக்கு இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டேன்; எட்டாவது தட்டில் இடுப்பு விட்டுப் போனது. இவ்வளவும் செய்து சுத்தமான தட்டை அதே பூஞ்சை பிடித்த உறைக்குள் போட முடியுமா? புது உள்ளுறை வாங்கலாம். ஓவியம் அச்சடித்த அட்டையை என்ன செய்வது? எந்த அழகுக்காக எல்பி வாங்கினேனோ, முதலில் போவது அந்த அழகுதான்.

வெளியே போடும் பிளாஸ்டிக் உறையிலும் சூட்சுமம் உண்டு. ஆரம்பத்தில் அட்டையைக் காப்பாற்றுகிறேன் என்று தடிமனான பிவிசி உறை வாங்கினேன். நம் வெப்பத்தில் அது நாளடைவில் எதையோ கசியவிட்டுப் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. பாலிஎத்திலீன் உறைதான் சரி என்று பிறகுதான் தெரிந்தது.

இப்போது சிடிக்கு வருவோம். அன்று மாலை முதலில் எடுத்தது ‘ஹௌ டு நேம் இட்’தான். தேக்கா வட்டாரத்தில் பழைய கடையொன்று மூடும் தறுவாயில், எட்டு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியது. பெட்டியைத் திறந்தால் சிறு புத்தகத்தின் முதுகு பழுப்பேறியிருந்தது. தட்டின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக மரக்கிளைபோல் படர்ந்த பூஞ்சை. சமையலறைக் குழாயை மெல்லத் திறந்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விரல்நுனியில் எடுத்து, நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேராக இழுத்துத் தேய்த்தேன். சுற்றிச் சுற்றித் தேய்க்கக் கூடாது. சிடியில் தகவல் சுருள்வட்டமாக ஓடுகிறது. குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் துளிதான் கெடும். அதை ஈடுசெய்ய உள்ளேயே கூடுதல் தகவல் எழுதி வைத்திருக்கிறார்கள். வட்டமாகக் கீறல் விழுந்தால் ஒரே இடத்தில் நீளமாகக் கெட்டு, அந்த ஈடு போதாமல் போய்விடும். அலசி, உதறி, கண்ணாடி துடைக்கும் துணியால் அதேபோல் நேராக ஒற்றி எடுத்தேன். மூன்று நிமிடம். பிளேயரில் போட்டேன். பாக் வீட்டுக்கு வந்தார், பேசினார்கள். ஒரு தடங்கலும் இல்லை.

பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு வெள்ளிக்குப் புதுப் பெட்டி போட்டேன். எல்பிக்கு அட்டைதான் உடம்பு. சிடிக்கு பெட்டி வெறும் சட்டை, மாற்றிக்கொள்ளலாம். சிறு புத்தகத்தை மட்டும் குளிர்சாதன அறையில் இரண்டு நாள் விரித்து வைத்து, காய்ந்த தூரிகையால் தட்டினேன். பழுப்பு போகவில்லை, வாடை போய்விட்டது.

சிடியும் சாகாவரம் பெற்றதல்ல. அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக்; அலுமினியப் பூச்சு இருப்பது மேலே, படம் அச்சடித்த பக்கத்தில், மெல்லிய அரக்குக்குக் கீழே. எல்லாரும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பாதுகாத்துவிட்டு மேல்பக்கத்தில் பேனாவால் பெயர் எழுதுவார்கள். மேலே ஆழமாகக் கீறினால் பாட்டே உரிந்து போகும். டிவிடி பரவாயில்லை, அதில் தகவல் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. பழைய இரட்டைத் தொகுப்புகளில் தட்டுக்கு மெத்தைபோல் ஒரு ஸ்பாஞ்ச் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துப் போடுங்கள். நாளாக நாளாக அது களியாகித் தட்டோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது பூச்சையும் சேர்த்துப் பிய்க்கும். அப்புறம், வீட்டில் பதிந்த சிடி, கடையில் பதிந்து கொடுத்த சிடி இவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றில் இருப்பது சாயம். நான் 2004இல் பதிந்து வைத்த கல்யாணப் படங்களில் பாதி இப்போது திறக்கவில்லை.

ப்ளூரே என்னிடம் நாலே நாலுதான். அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். எல்பியைக்கூட நான் மூன்று வருடம்தான் வைத்திருந்தேன். ஈரத்தை உறிஞ்சும் டிரை கேபினட் அலமாரி வாங்கிக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து, ஈரப்பதத்தை ஐம்பதுக்குக் கீழே நிறுத்தி, இருபது வருடமாகக் காப்பாற்றுகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நூறு எல்பி கிட்டத்தட்ட ஓர் அரிசி மூட்டை எடை. அது கொள்ளுமளவு கேபினட்டை என் வீட்டில் எங்கே வைப்பது என்று என் மனைவியிடம் கேட்டேன். "நாம ரெண்டு பேரும் உள்ள போய்ப் படுத்துக்கலாம், தட்டெல்லாம் வெளியில இருக்கட்டும்" என்றார்.

விலைக்கு விற்கும்போது எல்பிதான் ராஜா, அதை மறைக்க முடியாது. நாற்பது வெள்ளிக்கு வாங்கிய சில தட்டுகள், பழைய பொருள் விற்கும் கேரோசெல் தளத்தில் அறுபதுக்குப் போயின. சிடியை எட்டுக்கு வாங்கி ஐந்துக்கு விற்றால் பெரிய விஷயம். பிளேயரும் ஒரு தலைவலி. தட்டு நல்லாயிருக்கும், தட்டை வெளியே தள்ளும் ரப்பர் வார் இளகிப் போய்க் கதவு திறக்காது. அதனால் எல்லா சிடியையும் ஒருமுறை கணினியில் ஏற்றி வைத்துவிட்டேன். இப்போதைய மடிக்கணினிகளில் தட்டுப் போடும் இடமே இல்லாததால், யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று நாற்பது வெள்ளிக்கு வாங்க வேண்டியிருந்தது. போனிலும் கேட்கிறேன், வரிசை மாறாமல்.

பாம் ஷெல்டரில் இப்போது சலவைத் தூளும் மின்விசிறியும்தான். சிடிக்கள் வரவேற்பறை அலமாரியில், கதவில்லாத தட்டில், காற்றாட இருக்கின்றன. தேறிய எல்பிக்களில் கடைசி ஐந்தைப் போன வாரம் பீஷான் நிலையத்தில் கட்டண வாயிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று ஒரு பையனிடம் கொடுத்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறானாம், எல்பி போட்டுக் கேட்கப் புது டர்ன்டேபிளாம். ஒவ்வொன்றையும் உறையிலிருந்து பாதி உருவி, விளக்கை நோக்கிச் சாய்த்துப் பார்த்தான், விவரமானவன்தான்.

"எங்க வச்சிருந்தீங்க அங்கிள்?" என்று கேட்டான்.

"பாம் ஷெல்டர்ல."

பையன் இன்னொரு முறை விளக்கில் சாய்த்துப் பார்த்தான். ஐந்து வெள்ளி குறைத்துக் கொடுத்தேன்.