ரோமில் எந்தப் பழைய பாலம்: ஃபாப்ரிசியோவா, சாந்தாஞ்செலோவா?

ரோமில் ஒரே ஒரு பழைய பாலம் பார்க்கத்தான் நேரம் என்றால், பெரும்பாலும் எல்லோரும் கைகாட்டுவது சாந்தாஞ்செலோவை. பேரரசர் ஹேட்ரியன் தன் கல்லறைக்குப் போக கி.பி. 134-இல் முடித்த பாலம். எதிரே கோட்டை, இரு பக்கமும் சேர்த்துப் பத்து தேவதைச் சிலைகள், படமெடுக்க அருமை. ஆனால் 17-ஆம் நூற்றாண்டுச் சிற்பி பெர்னினி தன் கையால் செதுக்கிய இரண்டு சிலைகள் இப்போது ஒரு தேவாலயத்துக்குள் இருக்கின்றன, பாலத்தில் நிற்பவை அவற்றுக்குப் பதிலாகச் செய்தவை. வளைவுகளிலும் நடுவில் உள்ள மூன்று மட்டுமே ரோமானியர் கட்டியவை, ஓரத்தில் இருப்பவை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கரை கட்டியபோது வந்தவை. கூட்டமோ சொல்லவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது ஃபாப்ரிசியோ. கி.மு. 62-இல் கட்டியது, டைபர் நதியின் நடுவிலுள்ள குட்டித் தீவுக்குப் போகிறது, இரண்டே வளைவு, இரண்டாயிரம் வருஷம் தாண்டியும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது, இன்றைக்கும் மக்கள் சாதாரணமாக நடந்து போகிறார்கள். நடுத்தூணில் ஒரு சின்ன வளைவுத் திறப்பு இருக்கும், அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள், வெள்ளம் ஏறும்போது தண்ணீர் அதற்குள் புகுந்து போனால் தூண் மீது அழுத்தம் குறையும். வளைவுக்கு மேலே கட்டியவர் லூசியஸ் ஃபாப்ரிசியஸின் பெயர் வெட்டியிருக்கிறது (அந்தக் காலத்துக் கல்வெட்டு விளம்பரம்!). அதைப் படிக்கப் பாலத்தின் மேல் நின்றால் ஆகாது, படி இறங்கி ஆற்றோரம் போக வேண்டும்.

இரவு விளக்கொளிதான் வேண்டுமென்றால், சரி, சாந்தாஞ்செலோவுக்கே போங்கள்.