ஐடிலிங்ல வண்டி கெடந்து ஆடுதா? கிளீனிங்கா, ஸ்கேனரா, வேக்கம் கேஜா

நாகர்கோவில் செட்டிகுளம் ஜங்ஷன்ல சிக்னல் விழுந்து நிக்கும்போதுதான் என் வண்டி வேலையக் காட்டும், 2014 மாடல் பெட்ரோல் கார், ஓடும்போது ஒரு கொறையும் கெடையாது, நின்னா ஆர்பிஎம் முள்ளு 1200க்கு ஏறும், டக்குனு 700க்கு விழும், திரும்ப ஏறும், ஸ்டியரிங் பிடிச்ச கையே நடுங்கும். இஞ்சின் சூடானப்புறம் ஐடில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காம இஞ்சின் ஓடுற வேகம், 700ல இருந்து 850க்குள்ள ஆடாம அசையாம நிக்கணும். இத கண்டுபிடிக்க மூணு வழியில போய்ப் பாத்தேன், மூணுக்கும் காசும் குடுத்திருக்கேன், அதனால எது எதுக்கு உதவும், எதுக்கு உதவாதுன்னு எழுதுறேன்.

மொத வழி எல்லாரும் சொல்றதுதான், இஞ்சினுக்குள்ள போற காத்த கூட்டிக் கொறைக்கிற த்ராட்டில் பாடிய கிளீன் பண்ணு, பிளக்க மாத்து. இது தப்பான வழின்னு சொல்ல மாட்டேன். த்ராட்டில் தட்டு ஓரத்துல கரி பிடிச்சா உள்ள போற காத்து கொறையும், அப்ப ஐடில் இறங்கும், ஏசி போட்டா இன்னும் இறங்கும், சிக்னலுக்கு வந்து கிளட்ச் சவுட்டினா வண்டி ஆஃப் ஆயிரும். உங்களுக்கு இப்படித்தான் இருக்குன்னா கிளீனிங்குக்கு நேரா போங்க, வேற எதுவும் வேண்டாம். ஆனா எனக்கு ஐடில் எறங்கல, ஏறிச்சு. அதக் கேக்காமலே ஒரு பட்டறையில கிளீனிங்கும் பண்ணி நாலு பிளக்கும் மாத்தி விட்டாவ, 3,200 ரூபா, மறுநாள் அதே செட்டிகுளத்துல அதே ஆட்டம். இன்னொண்ணு, கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டியில கிளீன் பண்ணினப்புறம் ஐடில் ரீலேர்ன் பண்ணணும், அதாவது கம்ப்யூட்டருக்கு ஐடில் அளவ திரும்பப் பழக்கணும், இல்லேன்னா கரி போன இடத்துல காத்து கூடி ஐடில் கொஞ்ச நாள் ஏறியே நிக்கலாம், சாவி ஆன்ல இருக்கும்போது அந்த தட்ட விரலால தள்ளவும் கூடாது.

ரெண்டாவது ஸ்கேனர். ஆயிரம் ரூபாய்க்குள்ள ப்ளூடூத் அடாப்டர் வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழ உள்ள 16 பின் போர்ட்டுல சொருகி போன்லயே பாக்கலாம். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் அடிக்குதுன்னா இதுக்கு மேல ஒரு வழியும் இல்ல, கேட்டுக்கு உள்ள கோடு நம்பர் பி0301னு வந்தா 1ஆம் சிலிண்டர், பி0303னு வந்தா 3ஆம் சிலிண்டர், அவ்வளவு நேரடியா சொல்லும். பிளக் மேலேயே தனித்தனி காயில் உள்ள வண்டியில பி0301 வந்தா 1ல உள்ள காயில கழட்டி 3ல போடுங்க, 3ல உள்ளத 1ல போடுங்க, கோடு பி0303க்கு மாறிச்சுன்னா காயில்தான் கேடு, மாறாம பி0301லயே நின்னா பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு அடுத்துப் பாக்கணும். அஞ்சு பைசா செலவில்ல. பி0171 வந்தா மட்டும் கவனமா இருங்க, காத்துக்கு ஏத்த பெட்ரோல் போதலன்னுதான் அதுக்கு அர்த்தம், உடனே ஆக்சிஜன் சென்சார மாத்துறதுக்கு ஓடாதீங்க, நிறைய நேரம் அந்த சென்சார் உள்ள நிலைமைய சரியாத்தான் சொல்லிட்டிருக்கும்.

என் வண்டியில கோடே வரல. ஏன்னு ரொம்ப நாள் புரியல. கடைசியில பாத்தா கேடு காத்து லீக். என் வண்டியில காத்த அளக்கிறது மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் காத்து போற குழாய், அதுல உள்ள பிரஷர் சென்சார், மேப் சென்சார்னு சொல்லுவாவ, லீக் வழியா வர்ற காத்தையும் அது சேத்தே அளந்துரும், கம்ப்யூட்டரும் அதுக்குத் தக்க பெட்ரோல் விட்டுரும், அதனால கலவை பெருசா கெடாது, ஐடில்தான் ஏறும். ஏறினப்புறம் என்ன ஆகும்னா, ஆக்சிலேட்டர்ல கால் இல்ல, ஆர்பிஎம் மட்டும் கூடுதல், வண்டி இறக்கத்துல உருளுதுன்னு நெனச்சு பெட்ரோல கட் பண்ணும், முள்ளு விழும், திரும்ப விடும், முள்ளு ஏறும். அந்த ஏத்த எறக்கம் இதுதான். இத கோடு பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது, இஞ்சின் ஓடும்போது ஸ்கேனர்ல தெரியிற லைவ் டேட்டாவ பாக்கணும். நம்ம பக்கம் கடல் மட்டம், ஐடில்ல மேப் 30ல இருந்து 40 கிலோபாஸ்கலுக்குள்ள வரணும், எனக்கு 48.

மூணாவது வழி வேக்கம் கேஜ், மேனிஃபோல்டுக்குள்ள உள்ள உறிஞ்சல அளக்கிற மீட்டர், கூட காது, கை, சோப்புத் தண்ணி. என் மனசு இதுலதான் நிக்குது. மேனிஃபோல்டுல ஒரு ஓஸ்ல கேஜ மாட்டினா 17ல இருந்து 22 இஞ்சுக்குள்ள (பாதரச அளவுல) கேஜ் முள்ளு அசையாம நிக்கணும், புக்ல போட்ட அளவ நாம அப்படியே எடுக்கலாம், கொடைக்கானல் மாதிரி 7000 அடியில உள்ளவங்க ஆயிரம் அடிக்கு ஒரு இஞ்ச் வீதம் கழிக்கணும். முள்ளு அசையாம, ஆனா கொறஞ்சு நின்னா லீக்கோ டைமிங்கோ, ஒரே தாளத்துல தட்டித் தட்டி விழுந்தா ஒரு சிலிண்டர்ல வால்வு கேடு. மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஆசான் கேஜ மாட்டினாவ, 15ல நின்னுது. நான் சாவிய திருப்பப் போனேன், "மக்களே, ஆஃப் பண்ணாத, அப்படியே விடு"ன்னுட்டு குனிஞ்சு காத வச்சாவ, மேனிஃபோல்டுக்குப் பின்னால கைய விட்டு பிசிவி ஓஸோட, அதாவது இஞ்சினுக்குள்ள உண்டாகுற புகைய மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோற ரப்பர் குழாயோட, வளைவ அடியில ரெண்டு விரலால அமுக்கிப் பிடிச்சாவ. சீன்னு வந்த சத்தம் நின்னுது. முள்ளு 19க்கு ஏறிச்சு, இஞ்சின் சத்தம் அப்படியே அடங்கிச்சு, கைய எடுத்தா திரும்ப ஆட்டம். ஓஸ கழட்டிக் காட்டினாவ, மேல பாத்தா புதுசு மாதிரி, அடியில எண்ணெயில ஊறி உப்பி, நகம் நீளத்துக்கு வெடிப்பு. புது ஓஸ் 180 ரூபா.

ஆக ஐடில் எறங்கி ஆஃப் ஆனா கிளீனிங், ஒரே தாளத்துல மிஸ்ஸிங் அடிச்சா ஸ்கேனர், ஐடில் ஏறியோ ஏறி எறங்கியோ நின்னா மொதல்ல வேக்கம். ஆர்பிஎம் அசையாம நிக்குது, பாடி மட்டும் நடுங்குதுன்னா இஞ்சின் மவுண்ட் ரப்பர பாருங்க. குளச்சல், முட்டம் பக்கம் கடல் ஓரமா வண்டி நிக்கிறவங்க பேட்டரி எர்த் கேபிள் இஞ்சின்ல முறுக்கியிருக்கிற எடத்த மறக்காம கழட்டிச் சுரண்டிப் பாருங்க, உப்புக் காத்துல பச்சை பிடிச்சிருக்கும்.

லீக் தேடுறதுக்கு கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சுப் பாக்கிறது பழக்கமா இருக்கு, சைலன்சர் பைப் சூட்டுல அது தீப்பிடிக்கும், வீட்டுல நீங்களே பாக்கிறதா இருந்தா சோப்புத் தண்ணிய வயர் கனெக்டர்ல படாம கொஞ்சமா அடிங்க, லீக் உள்ள எடத்துல தண்ணி உள்ள இழுபட்டு அந்த நொடி இஞ்சின் சத்தம் மாறும்.