காராவில் பதிவு செய்கிறீர்களா? லாக்இன் உங்கள் கையில் இருக்கட்டும்

தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவில் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பதிவில் யாருடைய மொபைல் நம்பர் இருக்கிறது, யாருடைய இமெயில் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்ட்டுடைய நம்பர் என்றால் இதை முழுவதும் படித்துவிடுங்கள். எங்களுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் போனது, அதைவிட ஒன்றே முக்கால் வருஷம் போனது.

நாங்கள் சேலம் பக்கம். கல்யாணமாகி 13 வருஷம், சிகிச்சையெல்லாம் பார்த்துக் களைத்து, 2022 நவம்பரில்தான் தத்தெடுக்கலாம் என்று இருவரும் மனதார முடிவு செய்தோம். மாமியாருக்குத் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த 1992 காலத்து நினைப்பு, அரசாங்க ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் கொடுப்பார்கள் என்றார். அப்படி இல்லை, எல்லாம் டெல்லியில் இருக்கும் காரா வழியாக ஆன்லைனில்தான் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, இதற்கென்றே ஒருவர் இருக்கிறார் என்று கூட்டிப் போனார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். சுவரில் குழந்தைகள் படம், மேசையில் தடித்தடியாக ஃபைல்கள். அந்த ஆள் மிகவும் அன்பாகப் பேசினார். என் வீட்டுக்காரரை "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டார், எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

பதிவுக்கு 15,000 வாங்கினார். ஓடிபி அடிக்கடி வரும், உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று சொல்லி அவருடைய நம்பரையும் இமெயிலையும் போட்டார். அப்புறம் கோர்ட் செலவு, வக்கீல் பீஸ் என்று 35,000. இதைக் கவனியுங்கள், 2022 செப்டம்பர் 1 முதலே தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் கோர்ட்டிடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறிவிட்டது. இல்லாத கோர்ட்டுக்குப் பணம் வாங்கியிருக்கிறார், எங்களுக்கு அது தெரியாது. நாலு மாதம் கழித்து, சீனியாரிட்டியை முன்னால் கொண்டு வர டெல்லியில் ஆள் இருக்கிறது என்று 1,10,000. நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தோம். தப்புத்தான், மற்றவர்களைத் தாண்டிப் போக ஆசைப்பட்டது எங்கள் தப்பு. ஆனால் அப்படி யாராலும் முன்னால் கொண்டு வரவும் முடியாது, அந்த வரிசை கம்ப்யூட்டரில் தேதிப்படி ஓடுகிறது.

வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. ஹோம் ஸ்டடி என்று சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பது உண்டாமே என்று கேட்டதற்கு, அதை நாங்களே முடித்துவிட்டோம் என்றார். அப்புறம் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். மஞ்சள் துண்டில் சுற்றிய பெண் குழந்தை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, ஒரு கை மட்டும் துண்டுக்கு வெளியே. இந்தக் குழந்தைதான் உங்களுக்கு என்றார். அன்றைக்கே கொசுவலை வாங்கினேன். ராத்திரியில் எழுந்து அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு மாதம் கழித்து, அந்தக் குழந்தை வேறு இடத்துக்குப் போய்விட்டது என்று ஒரே வரியில் மெசேஜ். அது யார் பெற்ற குழந்தை, போட்டோ எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2024 ஜூலையில் கூப்பிட்டு, காராவை நம்பினால் ஆகாது, ஒரு ஆஸ்பத்திரியில் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம், பிறப்புச் சான்றிதழே உங்கள் பெயரில் வந்துவிடும், நாலு லட்சம் ஆகும் என்றார். என் வீட்டுக்காரருக்கு முகமே மாறிவிட்டது. 2019-ல் ராசிபுரத்தில் முன்னாள் நர்ஸ் ஒருவர் போனில் குழந்தைக்கு விலை சொன்ன அந்த ஆடியோவை எங்கள் பக்கம் கேட்காதவர்கள் இல்லை. 2021-ல் மதுரையில் ஒரு காப்பகத்துக் குழந்தை கொரோனாவில் இறந்து புதைக்கப்பட்டதாகப் பொய்க் காகிதம் காட்டிவிட்டு விற்றது வெளிவந்ததே, அதுவும் அவருக்கு ஞாபகம் வந்தது. இது ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பிடுங்கும் வேலை. இளைஞர் நீதிச் சட்டத்தில் குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருஷம் வரை ஜெயில், ஆஸ்பத்திரிக்காரர்கள் என்றால் ஏழு வருஷம் வரை.

மறுநாளே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போனோம். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம் அது. அங்கிருந்த மேடம் எங்கள் பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "டாக்குமென்ட் எதுவுமே ஏத்தலையேம்மா" என்றார். பதிவு செய்து 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பதிவு நிற்காது. அந்த ஆள் பெயரை மட்டும் போட்டு ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு அத்தோடு விட்டுவிட்டார். நாங்கள் வரிசையிலேயே இல்லை.

இதில் என்னை இன்னும் விடாமல் குடைவது வயதுக் கணக்கு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பதிவு செய்யத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. 2022-ல் அவருக்கு 44, எனக்கு 40, கூட்டினால் 84. அன்றைக்கு ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் அந்தத் தேதியில் இருந்த வயதுதான் கணக்கு. புதிதாகப் பதிவு செய்யும்போது 46-ம் 41-ம் 87. கைக்குழந்தை இனி எங்களுக்குக் கிடையாது. இரண்டு முதல் நாலு வயதுக்கு 90 வரை அனுமதி உண்டு, அதில் பதிவு செய்திருக்கிறோம்.

இந்த முறை அந்த மேடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, என் போனிலேயே ஓடிபி வாங்கிப் பதிவு செய்தேன். உதவிக்கு ஒரு பைசா வாங்கவில்லை. ஹோம் ஸ்டடிக்குக் கட்ட வேண்டியது 6,000, அதற்கு ரசீது உண்டு. சமூகப் பணியாளர் நேரில் வந்து வீட்டைப் பார்த்தார், மாமியாரிடம் தனியாகப் பேசினார். குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் நம் லாக்இன்னில்தான் வரும், வந்த 48 மணி நேரத்துக்குள் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். யாருடைய போனுக்கோ அந்தக் குழந்தை விவரம் போய், அவர் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

போலீசில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது வாங்கியிருக்கிறோம். பணத்தில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. போன வாரம் அந்த வழியாகப் போனபோது மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படியில் ஒரு தம்பதி இறங்கி வந்தார்கள், அந்தப் பெண் கையில் எனக்குக் கொடுத்த அதே நீல ஃபைல். ஓடிப்போய் நிறுத்திச் சொல்வதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்கள். தங்கச்சி, நீ இதைப் படித்தால் கலெக்டர் ஆபீசில் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டு, அந்த ஃபைலோடு நாளைக்கே போ. உன் 30 நாள் இன்னும் முடிந்திருக்காது.