பால் இல்லாத சவர் கிரீம்: ஐந்து வருட அனுபவம்

எங்கள் வீட்டு பிரிட்ஜின் மேல்தட்டில் ஒரு பழைய ஜாம் போத்தல் எப்போதும் நிற்கும். மூடியில் ஒட்டிய டேப்பில் அரைத்த தேதி எழுதியிருக்கும். சவர் கிரீம் என்பது பாலாடையைப் புளிக்க வைத்துச் செய்யும் கெட்டியான கிரீம். உள்ளே இருப்பது அதன் பால் சேராத வகை. 2020 முடிவில் மகளுக்குப் பால் புரதம் ஒத்துக்கொள்ளாது என்று உறுதியானது. அப்போது அவளுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து இந்தப் போத்தல் காலியாக இருந்த கிழமைகள் குறைவு.

சவர் கிரீம் நம் சமையலில் பிறந்த பொருள் இல்லைத்தான். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலத்தில் அந்தப் பெயரே கேட்டதில்லை. ஆனால் கொழும்பில் வளரும் பிள்ளைக்கு அது புதினமான சாமான் இல்லை. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஓவனில் வெந்த உருளைக்கிழங்கைப் பிளந்து, மேலே வெள்ளையாக ஒரு கரண்டி வைத்து, வெங்காயத்தாள் தூவி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். இவளுக்கு மட்டும் வெறும் கிழங்கு. அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அந்தக் கிழமையே நான் தேடத் தொடங்கினேன்.

முதலில் கடையில்தான் தேடினேன். பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் பால் போன்ற மிருகப் பொருள் எதுவும் சேராத, இறக்குமதியான வீகன் கிரீம் சிலவேளை கிடைக்கும். ஒரு மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது, விலையும் வீட்டுச் செலவுக்குள் அடங்காது. அதைவிடப் பெரிய சிக்கல் லேபிள். லாக்டோஸ் இல்லாதது என்று எழுதியிருந்தால் பால் சீனி மட்டும்தான் இல்லை, பால் புரதம் அப்படியே இருக்கும். நொன்-டெய்ரி என்று பெயர் போட்ட கிரீமர்களில்கூட சோடியம் கேசினேட் இருப்பதுண்டு, அதுவும் பால் புரதம்தான். எனக்கு அதிர்ச்சி தந்தது தேங்காய்ப்பால் மா. தேங்காய் என்று நம்பி வாங்கிய ஒரு பக்கற்றின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் கேசினேட் இருந்தது. எருமைத் தயிரும் உதவாது. பசுப்பால் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு எருமைப்பால், ஆட்டுப்பால் புரதங்களும் ஒத்துக்கொள்ளாது. விருப்பத்துக்காகப் பாலை விட்டவர்களுக்கு இவ்வளவு கவனம் தேவைப்படாமல் இருக்கலாம். ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் ஒவ்வொரு பக்கற்றையும் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பாருங்கள். ஒரே பிராண்டுக்குள்ளேயே சேர்மானம் மாறும்.

வீட்டில் செய்வதற்கு முன், அசல் சவர் கிரீமில் என்னதான் இருக்கிறது என்று வாசித்துப் பார்த்தேன். அமெரிக்கச் சட்டப்படி அதில் குறைந்தது 18 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். லாக்டிக் அமில பக்டீரியாக்கள் பாலாடையைப் புளிக்க வைத்து இறுக்குகின்றன. அவற்றில் சில, டயசெட்டில் என்ற பொருளையும் உண்டாக்கும். வெண்ணெய் மணம் வருவது அதிலிருந்துதான். ஆகவே நாம் ஈடுகட்ட வேண்டியவை மூன்று: கொழுப்பு, புளிப்பு, அந்த மணம். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதற்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

கொழுப்புக்குக் கஜு, அதாவது மரமுந்திரிகைப் பருப்பு. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்பு, அதோடு நல்ல அளவு மாச்சத்தும் இருக்கிறது. அதனால்தான் அரைத்தால் வழுவழுப்பாக வருகிறது. வறுக்காத கஜு வேண்டும், முழுதாக இருக்கத் தேவையில்லை. உடைந்த கஜு விலை குறைவு, அரைக்கப்போகிற பொருளுக்கு வடிவம் எதற்கு? கண்டி வீதியால் போனால் கஜுகமவில் நிறுத்தி வாங்குவேன், மட்டக்களப்புப் பக்கம் போகிற உறவினரிடமும் சொல்லிவிடுவேன். வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள். பழைய கஜுவில் எண்ணெய்க் காறல் இருக்கும், எவ்வளவு புளி விட்டாலும் அது மறையாது.

என் அளவு இது. 150 கிராம் கஜுவைக் கொதிநீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுவேன். இரவு முழுக்க மேசையில் ஊறவைக்கச் சொல்லும் செய்முறைகள் குளிர்நாட்டில் எழுதியவை. கொழும்புச் சூட்டில் விடியும்போது வாடை வந்துவிடும். அப்புறம் 100 மில்லிலீற்றர் ஐஸ் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப்புளி, ஒரு தேக்கரண்டி தென்னை வினாகிரி, அரைத் தேக்கரண்டி உப்பு. பெரிய பிளெண்டர் ஜாரில் போட்டால் கஜு சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றாது, சட்னி அரைக்கும் சின்ன ஜார்தான் சரி. ஒரு நிமிடம் அரைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, மறுபடி ஒரு நிமிடம். தொடர்ந்து ஓடவிட்டால் கலவை சூடாகி எண்ணெய் கக்கும். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்து மேலண்ணத்தில் தேய்த்துப் பார்ப்பேன். மணல் போல ஏதாவது தட்டுப்பட்டால் இன்னொரு சுற்று. வினாகிரி வாங்கும்போது தென்னங்கள்ளில் செய்ததா, செயற்கையா என்று போத்தலில் பாருங்கள். செயற்கை வினாகிரி மூக்கில் ஏறும், கஜுவின் இனிப்போடு சேராது.

இது நல்ல டிப். ரோல்ஸ், கட்லட், மரவள்ளிப் பொரியல் எல்லாவற்றுக்கும் போகும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் கஜுவும் தேசிக்காயும் தனித்தனியாகத் தெரியும். சவர் கிரீமின் புளிப்பு ஆழமானது, தேசிக்காயின் புளிப்பு முன்னாலேயே நின்றுவிடும். அதற்காகத்தான் புளிக்க வைக்கப் பழகினேன்.

பழஞ்சோற்றுத் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். மிளகாய்க் காம்பு போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் அருமையாக வரும், அடுத்த நாள் கசக்கும். எந்த நுண்ணுயிர் வளர்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். மருந்துக் கடையில் விற்கும் புரோபயோட்டிக் மாத்திரைகளை உடைத்துப் போடலாம் என்கிறார்கள், போடலாம்தான். ஆனால் அவற்றில் சிலவற்றில் பால் புரதத்தின் சுவடு இருக்கும், அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடைசியில் நான் நிலைத்தது, உயிருள்ள கல்ச்சர் (புளிக்க வைக்கும் பக்டீரியா) இருக்கிறது என்றும் பால் இல்லை என்றும் தெளிவாக எழுதிய தேங்காய் யோகட்டில். கொதித்து ஆறின தண்ணீரில் அரைத்த கஜு விழுதில் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, சுடுநீரில் கழுவிய போத்தலில் பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, துணியால் மூடி வைப்பேன். நம் வெக்கைக்கு எட்டு மணி நேரம் போதும், மழை நாளில் பத்து. மேற்பரப்பில் சின்னச் சின்ன குமிழ்கள் வந்து, கரண்டியால் கிளறினால் அப்பத்துக்குப் புளித்த மாவைப் போல் உள்ளே துளைகள் தெரியும். அப்போது உப்பும் அரைக்கரண்டி தேசிக்காயும் சேர்த்து உடனே பிரிட்ஜில். அடுத்த நாள்தான் ருசி முழுதாக வரும். ஒரு கரண்டி எடுத்து வைத்தால் அடுத்த தடவைக்கு உறையாகும், மூன்று நான்கு முறைக்கு மேல் இழுக்க வேண்டாம். இளஞ்சிவப்போ கறுப்போ ஒரு புள்ளி தெரிந்தாலும் முழுப் போத்தலையும் கொட்டிவிடுங்கள், மேலே வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது.

இனி சமையல். இங்கேதான் நான் அதிகம் தோற்றேன். சவர் கிரீம் விட்டுச் செய்யும் காளான் ஸ்ட்ரோகனோவ் என்ற குழம்பைச் செய்து, கொதிக்கிற சட்டியில் கஜுக் கிரீமை ஊற்றினேன். கஜுவின் மாச்சத்து சூட்டில் வெந்து, குழம்பு களி மாதிரி இறுகியது. தேங்காய் முதற்பாலில் புளி கலந்து ஊற்றிய நாள் அது பிரிந்து, மேலே எண்ணெயும் கீழே திரளும் நின்றன. அந்த நேரம் அம்மா வந்திருந்தா. சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா: "பிள்ளை, சொதிக்கு எப்ப புளி விடுறனி? இறக்கினாப் பிறகெல்லே?"

அதேதான். சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை. கப்பிப்பாலில் வெங்காயமும் மிளகாயும் வேகவிட்டு, முதற்பால் விட்டு, நுரை கட்டி வரும்போது இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு தேசிக்காய்ப்புளி. தேங்காய்ப்பாலின் புரதம் புளியும் கொதியும் ஒன்றாகச் சேர்ந்தால் திரண்டுவிடும், சோயாப்பாலும் அப்படியே. அன்றிலிருந்து எந்தச் சூடான கறிக்கும் என் வழி ஒன்றுதான். குழம்பை இறக்கி, இரண்டு கரண்டிக் குழம்பைக் கிரீமோடு தனியாகக் கலந்து இளக்கி, அதைச் சட்டியில் சேர்ப்பேன். திரும்ப அடுப்பில் வைப்பதில்லை. சூடான கறிகளுக்குக் கஜுவை விடத் தேங்காய் எனக்குப் பிடிக்கும், லேசாக இருக்கும். முதற்பாலை ஆறு மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் மேலே ஆடை கட்டும், அதை வழித்து எடுத்து வினாகிரியும் உப்பும் சேர்த்தால் போதும். குளிர்ந்த டிப்புக்கு மட்டும் அது சரிவராது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையில் உருகுவது, ஆகவே பிரிட்ஜில் கல்லாக இருப்பது வெள்ளவத்தைச் சாப்பாட்டு மேசையில் பத்து நிமிடத்தில் இளகிப் பரவிவிடும்.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பிளெண்டர் ஓடாது, பிரிட்ஜை நம்ப முடியாது. மாமியின் சின்ன அம்மியை பல்கனியில் வைத்து, ஒரு வேளைக்கு வேண்டிய கஜுவை மட்டும் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. உண்மையைச் சொன்னால் இதுவரை நான் செய்ததில் மிக மென்மையானது அதுதான், பிளெண்டர் இன்றும் அந்தப் பதத்தைத் தரவில்லை. பால்மாவுக்கும் வரிசை நின்ற காலம் அது. கீழ்மாடியில் இருக்கும் அக்கா வந்து, தயிருக்குப் பதிலாக இதை வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு விடலாமா என்று கேட்டு வாங்கிப் போனா. விடலாம், நன்றாக இருக்கும், ஆனால் தண்ணீர் சேர்த்து இளக்க வேண்டும்.

2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது வேறு வழிகளைப் பார்த்தேன். சோயாப்பாலைத் திரட்டிச் செய்யும் டோஃபு மலிவு. இங்கே சாதாரணமாகக் கிடைப்பது இறுகிய டோஃபு. அதை உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பிழிந்தால் பச்சை அவரை வாடை போகும், பிறகு எண்ணெய் ஒரு கரண்டியும் புளியும் விட்டு அரைக்கலாம். கிழமை நாளுக்குப் போதும், விருந்துக்கு வைக்க மாட்டேன். அவித்துத் தவிட்டுத் தோல் உரித்த பலாக்கொட்டையைக் கஜுவோடு பாதிக்குப் பாதி அரைத்ததும் நல்ல முயற்சி. கொஞ்சம் மாத்தன்மை தெரியும், ஆனால் அவித்த மரவள்ளியும் கட்டச் சம்பலும் வைத்த தட்டில் அந்த ருசி தன் வீட்டுக்கு வந்தது போல் இருக்கிறது.

கஜு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காகச் சூரியகாந்தி விதையிலும் செய்தேன். டிப்பாகச் சாப்பிடலாம், நிறம் சாம்பல். அதை வைத்துக் கேக் செய்தபோது அடுத்த நாள் துண்டின் நடு பச்சையாக இருந்தது. பழுதாகிவிட்டது என்று பயந்து கொட்டிவிட்டேன். அந்த விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் அப்பச்சோடாவோடு சேர்ந்து பச்சையாவது பிறகுதான் தெரியவந்தது, அதைச் சாப்பிட்டிருக்கலாம். கஜுக் கிரீமில் அந்தத் தொல்லை இல்லை. பேரீச்சம்பழக் கேக்குக்குப் புளித்த கஜுக் கிரீம் முக்கால் கோப்பை விட்டால், அதன் அமிலம் சோடாவை எழுப்பி, கேக் மூன்று நாளைக்கும் ஈரமாக இருக்கும். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டுக் கட்டிக்கொண்டு போவது அது ஒன்றைத்தான்.

எவ்வளவு நாள் இருக்கும் என்று பலர் கேட்பார்கள். தேசிக்காய் மட்டும் விட்டது நாலு நாள், புளிக்க வைத்தது ஒரு கிழமை. ஒவ்வொரு முறையும் காய்ந்த கரண்டி. கஜுக் கிரீமை ஐஸ் தட்டில் உறையவைக்கலாம், எடுத்து மறுபடி அரைத்தால் பழையபடி வரும். டோஃபு உறைந்தால் பஞ்சாகிவிடும், தேங்காய் பிரிந்துவிடும், அவை இரண்டையும் வேண்டிய அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.