ஸ்கல்கேப்பா, ஜெர்மாண்டரா? புல்லி வட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கிழக்கு வட அமெரிக்காவின் சதுப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை பூக்கும் மூன்று செடிகளை அடிக்கடி ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்: மேட்-டாக் ஸ்கல்கேப், மார்ஷ் ஸ்கல்கேப், அமெரிக்கன் ஜெர்மாண்டர். மூன்றும் அம்மண்ணில் இயல்பாகவே வளர்பவை. துளசி, தும்பை, புதினாவின் குடும்பம். ஆனால் இலையைக் கசக்கினால் புதினா வாசம் வராது, எனவே மூக்கை நம்ப வேண்டாம்.

முதலில் புல்லி வட்டத்தை, அதாவது பூவின் அடியைச் சுற்றியுள்ள பச்சை உறையை, பக்கவாட்டில் பாருங்கள். அந்த உறையின் மேலுதட்டு முதுகில் மாட்டுத் திமில் போல ஒரு மேடு இருந்தால் அது ஸ்கல்கேப்தான். பூ உதிர்ந்தும் அந்த மேடு நிற்கும் என்பதால் பருவம் தப்பிப் போனாலும் அடையாளம் காணலாம். விதை முற்றியதும் மேலுதடு கழன்று விழும். கீழுதடு மட்டும் மிஞ்சும்.

ஜெர்மாண்டரில் மேடு கிடையாது, புல்லியில் ஐந்து பற்கள். இளஞ்சிவப்புப் பூக்கள் உச்சியில் கதிராக நிற்கும். பூவுக்கு மேலுதடே இல்லாதது போலிருக்கும். அந்த இடைவெளியில் மகரந்தத்தாள்கள் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இலையின் அடிப்புறம் சாம்பல் நிற மயிருடன் இருக்கும்.

இந்தப் பிரிவினையில் அலட்சியம் கூடாது. ஸ்கல்கேப் என்ற பெயரில் ஜெர்மாண்டர் கலந்த மூலிகைச் சரக்கு விற்பனையானதுண்டு. ஜெர்மாண்டர் இனத்தில் கல்லீரலைக் கெடுக்கும் டைடெர்பீன் என்னும் வேதிப்பொருள்கள் உண்டு. காய்ந்து நறுக்கிய இலையில் கண்ணால் வேறுபாடு தெரியாது. பூத்த செடியில் பார்த்தால்தான் உண்டு.

ஸ்கல்கேப் இரண்டையும் பிரிப்பது எளிது. மேட்-டாக்கின் பூ 6 முதல் 8 மி.மீ.தான்; இலைக்கோணத்திலிருந்து (இலை தண்டோடு சேரும் இடுக்கு) கிளம்பும் கொத்தில், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கும். இலைக்காம்பு நன்றாகத் தெரியும், 2 செ.மீ.க்கு மேலும் போகும். மார்ஷில் பூ 15 முதல் 20 மி.மீ.; இலைக்கோணத்துக்கு ஒன்றாக, கணுவுக்கு இரண்டு. இலைக்காம்பு சில மி.மீ. மட்டுமே.

சதுரத் தண்டும் எதிரெதிராக அமைந்த இலையும் மட்டும் பார்த்து இந்தக் குடும்பம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே கரையில் நீலப்பூ பூக்கும் மங்கிஃபிளவருக்கும் இரண்டும் உண்டு. அதன் காயைப் பிளந்தால் பொடி விதைகள் ஏராளம். இம்மூன்றிலும் ஒரு பூவுக்கு நான்கு விதைக்கு மேல் இராது.

பூவை மேலிருந்து எடுத்த ஒற்றைப் படம் போதாது. புல்லியின் பக்கத் தோற்றம், இலைக்காம்பு, முழுச்செடி என மூன்று படங்கள் வேண்டும். பூ ஏறக்குறைய 1 செ.மீ. இருந்து, காம்பும் நடுத்தரமாக இருந்தால் இரண்டு ஸ்கல்கேப்பும் கலந்த கலப்பினமாக இருக்கலாம்; அங்கே இரண்டில் ஒன்றின் பெயரை வலிந்து சூட்டாதீர்கள்.