ஆறு வருடம், ஐந்து மைக், ஒரே அறை

ரெக்கார்டிங்கில் குறை கேட்டால் கை தானாகப் புது மைக் தேடப் போய்விடும். எனக்கு அப்படி நாலு தடவை போயிருக்கிறது. பத்தடிக்குப் பதினோரு அடி அறை. என் குரலில் கதை வாசிப்பு, அக்காவின் பாட்டு, தம்பியின் அகௌஸ்டிக் கிட்டார் என்று மூன்று வேலை. இதற்காக ஆறு வருடத்தில் ஐந்து மைக் வாங்கி, மூன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன். எதை எதற்காக மாற்றினேன், அதில் எத்தனை மாற்றம் மைக்கால் வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலாவது யூஎஸ்பி மைக். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒருவர் பேச மட்டுமென்றால் அது போதும். பாட்டையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் இரண்டு மைக்கில் பிடிக்க நினைத்த அன்று அதன் கதை முடிந்தது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ் பெட்டியும் எக்ஸ்எல்ஆர் கேபிளும் வந்தன, கூடவே பெரிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் சவ்வு) கொண்ட கண்டென்சர், அதாவது மின்னூட்டத்தால் இயங்கும் மைக் ஒன்றும். அதன் பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன்.

முதல் வாரம் தலைகால் புரியவில்லை. மூச்சு விடுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. ஹெட்ஃபோனில் கேட்கும்போது "ஆஹா, ஸ்டுடியோ சவுண்ட்" என்று தோன்றும். அக்கா பாடிய முதல் டேக்கைப் போட்டுக் காட்டியபோது அவள் சொன்னது: "டேய், ஒவ்வொரு 'ச'வுக்கும் காதுல ஊசி குத்துதுடா. நான் இப்படியா பாடறேன்?" அவள் அப்படிப் பாடுவதில்லை. 'சலசலப்பு' என்ற ஒரே சொல்லை அவளைச் சொல்லச் சொல்லி, அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உயிரெழுத்துகளைவிட 'ச' உயரமாக நின்றது. நேரில் யார் பேசினாலும் அப்படி வராது.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. விலை குறைந்த பெரிய டயஃப்ரம் கண்டென்சர்கள் பலவற்றில் இருப்பது நியூமன் நிறுவனத்தின் கே67 கேப்ஸ்யூலை (ஒலியைப் பிடிக்கும் பகுதி) பார்த்துச் செய்த வகை. 1960-ல் வந்த யூ67 மைக்கில் அந்தக் கேப்ஸ்யூல் உயர் அலைவரிசைகளைத் தூக்கியே கொடுக்கும். உள்ளே இருக்கும் சர்க்யூட் அந்தத் தூக்கலைக் கணக்குப் போட்டு இறக்கும். பிரதி எடுத்தவர்களில் பலர் கேப்ஸ்யூலை எடுத்துக்கொண்டு, இறக்கும் சர்க்யூட்டை விட்டுவிட்டார்கள். தூக்கல் அப்படியே நம் காதுக்கு வந்து சேர்கிறது. கடையில் இரண்டு நிமிடம் கேட்கும்போது அதுதான் 'துல்லியம்', ஒரு மணி நேரக் கதை வாசிப்பில் அதுவே தலைவலி.

அந்த 'ச'வை ஈக்யூவில் (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவி) ஓரளவு அடக்கினேன். அடக்கியதும் அடியில் இன்னொரு குறை எட்டிப் பார்த்தது. குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் கேட்டது. இங்கேதான் நான் வழுக்கினேன். 'கண்டென்சர் என்றால் அறை முழுவதையும் இழுத்துக்கொண்டு வரும், டைனமிக் என்றால் அறை கேட்காது' என்பது எல்லோரும் சொல்லும் வாக்கு. அதை நம்பி ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் (காந்தமும் கம்பிச்சுருளும் வைத்து ஒலி பிடிக்கும்) மைக் வாங்கினேன்.

வந்த அன்றே பிரச்சினை. மைக் ஒலியை ஏற்றும் கெயின் குமிழைக் கடைசி வரை திருகினாலும் குரல் முனகலாகத்தான் வந்தது, குரலுக்குப் பின்னால் இன்டர்ஃபேஸின் 'ஸ்ஸ்ஸ்'. அது மைக்கின் குறை இல்லை. வாங்கும் முன் கணக்குப் பார்க்காத என் குறை. 94 டெசிபல் ஒலிக்கு எஸ்எம்7பி கொடுப்பது சுமார் 1.1 மில்லிவோல்ட். அதே ஒலிக்கு ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020 போன்ற எளிய கண்டென்சர்கூட 14 மில்லிவோல்ட் கொடுக்கும். வித்தியாசம் ஏறத்தாழ 22 டெசிபல். அதை எங்காவது ஈடுகட்டியாக வேண்டும், என் பழைய இன்டர்ஃபேஸிடம் அவ்வளவு சத்து இல்லை. கேபிளுக்கு நடுவே கிளவுட்லிஃப்டர் மாட்டினேன். இன்டர்ஃபேஸ் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் பவரை எடுத்துக்கொண்டு 25 டெசிபல் வரை ஏற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. அந்த 48 வோல்ட் மைக்குக்குப் போகாது. பிரச்சினை தீர்ந்தது. 2023-ல் அதே நிறுவனம் இந்த ஏற்றத்தை உள்ளேயே வைத்து எஸ்எம்7டிபி கொண்டு வந்ததிலிருந்து, இது என் ஒருவன் பாடு இல்லை என்று தெரிகிறது. டைனமிக் வாங்குகிறவர்கள் மைக்கின் சென்சிட்டிவிட்டியையும் இன்டர்ஃபேஸின் அதிகபட்ச கெயினையும் சேர்த்துப் பாருங்கள். அமைதியாகக் கதை வாசிக்கிறவருக்கு 60 டெசிபலாவது வேண்டியிருக்கும்.

குரல் இப்போது கெட்டியாக, நெருக்கமாக வந்தது. டப்பா சத்தம் போயிற்று. வாக்கு பலித்துவிட்டது என்று கொஞ்ச நாள் மிதந்தேன். பிறகு ஒரு நாள் ஸ்க்ரிப்ட் மறைக்கிறதே என்று மைக்கை ஒரு அடி தள்ளி வைத்தேன். டப்பா திரும்பி வந்துவிட்டது, அதே டப்பா.

விஷயம் இவ்வளவுதான். டைனமிக்குக்கு அறையைத் தடுக்கும் மந்திரம் எதுவும் கிடையாது. அதை நாம் உதட்டுக்கு ஐந்து சென்டிமீட்டரில் வைத்துப் பேசுகிறோம், கண்டென்சரை முப்பதில் வைக்கிறோம். தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியோ அறைக்குள் எங்கே வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவு. ஆக, இரண்டும் கார்டியாய்டு (முன்பக்கம் கேட்டு, பின்பக்கம் கேட்காத வகை), இரண்டும் ஒரே தூரம் என்றால் அறையும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காசு கொடுத்து மைக் மாற்றியதாக நினைத்தேன், உண்மையில் தூரத்தை மாற்றியிருக்கிறேன். கிட்டே வைப்பதற்கும் ஒரு விலை உண்டு: கார்டியாய்டில் கிட்டே போகப் போக அடிக்குரல் பருத்துக்கொண்டே போகும். தலையை நாலு விரல் அசைத்தால் குரலின் நிறமே மாறும். பாடகருக்கு அது சரிப்படாது. அக்கா பாடும்போது ஆடுவாள்.

அதற்குப் பிறகுதான் அறையைத் திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்தது சரியாக அறை நடுவில். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112-லும் நிலை அலை (நகராமல் நின்ற இடத்திலேயே அதிரும் அலை) உருவாகும். நட்ட நடுவில் 56 காணாமல் போகும், 112 குவியும். என் குரலின் அடிச்சுருதி கிட்டத்தட்ட அந்த 112-ல்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குரல் இறங்கும் இடத்தில் 'ம்ம்' என்று ஒரு வீக்கம் வருமே, அது இதுதான். நாற்காலியை நடுவிலிருந்து ஒன்றரை அடி நகர்த்தினேன். ஈக்யூவில் மாதக்கணக்காகச் செதுக்கியும் போகாத வீக்கம் பெருமளவு வடிந்துவிட்டது. செலவு, தரையில் ஒட்டிய இரண்டு துண்டு டேப்.

அடுத்து, மைக்குக்குப் பின்னால் நிற்க வைக்கும் அந்த வளைந்த நுரைத் தடுப்பு. வாங்கி ஒரு வருடம் பெருமையாக வைத்திருந்தேன். கார்டியாய்டு பின்பக்கம் எப்படியும் செவிடு, அதற்குக் கேட்பது முன்பக்கம். அதாவது பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர். அங்கே எனக்கு வெறும் சுவர்தான் இருந்தது. தடிமனான இரண்டு மெத்தைப் போர்வைகளை மடித்துத் தொங்கவிட்டதில் கிடைத்த மாற்றம் எந்த மைக்கிலும் கிடைக்கவில்லை. பிறகு அந்த இடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கனத்தில் ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல் இழைப் பஞ்சு) பேனல் செய்தேன். மெல்லிய நுரை ஓடுகளைச் சுவர் முழுக்க ஒட்டுவது பற்றி ஒரு வார்த்தை: அது மேல் அலைவரிசைகளை மட்டும் தின்னும், கீழே இருப்பது அப்படியே நிற்கும், அறை இன்னும் அதிகமாக டப்பா ஆகும். செய்து பார்த்துப் பிய்த்து எறிந்த அனுபவம்.

பேனல் வந்த பிறகு, பரணில் போட்டிருந்த பெயர் சொல்லாத கண்டென்சரை எடுத்து மறுபடி மாட்டினேன். பாவம், அதன் மேல் போட்ட பழியில் பாதி அறையுடையது. மீதிப் பாதி அதனுடையதே, 'ச' அப்போதும் குத்தியது. அதைக் கொடுத்துவிட்டு ரோட் என்டி1 ஐந்தாம் தலைமுறை வாங்கினேன். அக்காவின் பாட்டுக்கு இன்றும் அதுதான். அதன் சுய இரைச்சல் 4 டெசிபல் என்று போட்டிருக்கும், ஏடி2020-ல் 20. அந்த எண்ணைப் பார்த்து நானும் மயங்கினேன்தான். ஆனால் சாதாரண வீட்டு அறை, எல்லாவற்றையும் நிறுத்தினாலும், 30 டெசிபல் பக்கம் இருக்கும். 30 இருக்கும் அறையில் 4-க்கும் 20-க்கும் வித்தியாசம் தேடுவது சந்தையில் நின்று ரகசியம் கேட்பதுபோல. கம்ப்யூட்டரை நீளக் கேபிளோடு கதவுக்கு வெளியே வைத்து, ஃப்ரிட்ஜ் ஓயும் நேரம் பார்த்துப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகுதான் அந்த 4-க்கு அர்த்தம் வந்தது.

என் குரலுக்கு எது என்று முடிவு செய்ய ஒரு சோதனை வைத்தேன். எஸ்எம்7பி, என்டி1, தம்பி வைத்திருந்த எஸ்எம்57. 'படபடப்பு, சுவாசம், சலசலப்பு, மழை' என்று நாலு சொல் வரும்படி ஒரு பத்தி எழுதி, மூன்றிலும் வாசித்தேன். 'ப' பாப் ஃபில்டரை (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுப்பது) பார்க்கும், 'ச' கூர்மையைப் பார்க்கும், 'ழ' நடு அலைவரிசை சேறாகிறதா என்று காட்டும். முதல் தடவை சத்தத்தைச் சமன் செய்ய மறந்துவிட்டேன். மூவரும் என்டி1-ஐக் கைகாட்டினோம், அது 3 டெசிபல் அதிகமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அரை டெசிபலுக்குள் சமன் செய்து, பெயரை மறைத்து, மறுநாள் கேட்டோம். என் குரலுக்கு மூவரும் தேர்ந்தெடுத்தது எஸ்எம்57. 1965-லிருந்து விற்பனையில் இருக்கும், கிட்டார் ஆம்ப்ளிஃபயர் முன்னால் தொங்கும் அதே மைக்! கனமான பாப் ஃபில்டர் போட்டால் அதற்கும் எஸ்எம்7பிக்கும் என் குரலில் பெரிய தூரமில்லை. எஸ்எம்7பியை விற்றுவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான், பார்க்க அழகான மைக்.

கிட்டாருக்கு ரோட் என்டி5, சின்ன டயஃப்ரம். ஆரம்பத்தில் சவுண்ட் ஹோலுக்கு நேராக வைத்தேன். கேட்டதும் தம்பி, "அண்ணே, இது என் கிட்டாரே இல்ல, குடத்துல தட்டின மாதிரி இருக்கு" என்றான். ஓட்டையிலிருந்து காற்று குமுறி வெளியே வரும் இடம் அது. கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு, பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம், முப்பது சென்டிமீட்டரில் நகர்த்தியதும் அவன் முகம் மாறியது. ஸ்டீரியோவுக்காக இரண்டு மைக்கைத் தள்ளித் தள்ளி வைத்தும் பார்த்தோம். இந்த அளவு அறையில், ஃபேஸ் தகராறில் (ஒரே ஒலி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று அழிப்பது) ஒலி மெலிந்ததுதான் மிச்சம். ஒன்றே போதும்.

ஒரு மழைக்காலத்தில் கண்டென்சர் ஒன்று எண்ணெயில் கடுகு போட்டதுபோல் பொரியத் தொடங்கியது. ரிப்பேர் என்று பயந்தேன். கேப்ஸ்யூலில் ஈரம் ஏறினால் மின்னூட்டம் கசிந்து அப்படித்தான் சத்தம் வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள் வைத்தேன், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து கண்டென்சர் ஸ்டாண்டில் தூங்குவதில்லை.

இப்போது கண் ரிப்பன் மைக் மேல், மெல்லிய உலோகத் தகடு அதிர்ந்து ஒலி பிடிக்கும் வகை. அக்காவும் தம்பியும் சேர்ந்து வாசித்தால்தான் உயிர் வருகிறது, ஆனால் பாட்டு மைக்கில் கிட்டார் நிரம்பி வழிகிறது. ரிப்பன் எட்டு வடிவத்தில் கேட்கும். முன்னும் பின்னும் கேட்கும், இரண்டு பக்கவாட்டும் ஏறக்குறைய முழுச் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தைக் கிட்டார் பக்கம் திருப்பிவிட்டால் போதும். ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தோம். ஃபான்டம் பவரை மறக்காமல் அணைத்துவிட்டுத்தான் மாட்டினேன், பழைய ரிப்பனையும் தப்பான வயரிங்கையும் சேர்த்தால் தகடு போய்விடும். கிட்டார் நிஜமாகவே ஒதுங்கிப் போயிற்று, குரல் பட்டுப்போல வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. மைக்குக்குப் பின்னால் இருந்த சுவர், முன்பக்கத்துக்குச் சமமான உரிமையோடு. இவ்வளவு நாள் கார்டியாய்டின் செவிட்டுப் பக்கமாக இருந்ததால் அந்தச் சுவரை நான் தொட்டதே இல்லை.

ரிப்பனைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்தச் சுவருக்கான மரச்சட்டமும் ராக்வூலும் வந்து மூலையில் சாய்ந்திருக்கின்றன, துணி மட்டும் இன்னும் வாங்கவில்லை.