வெயிலில் வெளுத்த மரத்துக்கு ஒரு லென்ஸ்: கேனான் 100 எம்எம் எல் மேக்ரோ

மிக நெருக்கத்தில் படம் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் என்றாலே பூச்சியும் பூவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் இதில் எடுப்பது முக்கால்வாசி பழைய மரம்: வெடித்த கதவு, படகின் பலகை, மழையில் நனைந்து நனைந்து நரைத்துப்போன வேலிக்கால். கேனான் இஎஃப் 100 எம்எம் எஃப்/2.8 எல் மேக்ரோ ஐஎஸ், 2009இல் வந்தது. இன்னும் பையைத் திறந்தால் கை முதலில் இதற்குத்தான் போகிறது.

வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கும், மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது சாம்பல் நிற நார். ஆண்டு வளையத்தில் மிருதுவான பகுதி சீக்கிரம் அரித்துப்போக, கெட்டியான பகுதி வரப்பு மாதிரி மேடாக நிற்கும். அந்த மேடுபள்ளம்தான் படமே. அது தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டில், பலகையை உரசிக்கொண்டு வர வேண்டும். 50, 60 எம்எம் மேக்ரோவில் அதே படத்துக்கு மரத்தை இன்னும் நெருங்க வேண்டியிருக்கும், நம் நிழலே குறுக்கே விழுந்துவிடும். இதில் முழு அளவில், அதாவது பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும் 1:1இல் எடுத்தாலும் லென்ஸ் முனைக்கும் மரத்துக்கும் நடுவே சுமார் 13 செ.மீ. இடம் இருக்கிறது. லென்ஸ் முனையில் வெயிலை மறைக்க மாட்டும் ஹூட்டை மட்டும் கழற்றிவிடுங்கள், அது அந்த இடத்தைத் தின்றுவிடும்.

ஆனால் 1:1 வரை போகவே வேண்டாம் என்பேன். துருப்பிடித்த ஆணி ஒன்றை எடுத்தேன். இரும்பும் மரத்தில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானினும் கலந்து ஆணிக்குக் கீழே கண்ணீர்க் கோடு போலக் கறுப்பாக வழிந்திருந்தது, அந்தக் கறைக்குள் நார்கள் ஈரத்தலைமுடி போலத் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. 1:1இல் அது வெறும் நாராகிவிட்டது, ஆணி எங்கே, மரம் எங்கே என்று தெரியவில்லை. பாதி அளவுக்குப் பின்வாங்கிய பிறகுதான் படம் நின்றது.

அப்புறம், 1:1இல் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ.தான். பலகைக்கு நேர் எதிரே, சென்சார் அதற்கு இணையாக இருக்கும்படி கேமராவை வைத்து எஃப்/11 போட்டால் வரப்பும் பள்ளமும் சேர்ந்து கிடைக்கும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ், தூரத்தில் நான்கு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரண்டு மடங்கு) உதவும் என்கிறது கேனான், 1:1இல் அது இரண்டாகக் குறைந்துவிடும். அதனால் கிட்டத்தில் ட்ரைபாட் இல்லாமல் நான் எடுப்பதில்லை. ட்ரைபாட் வளையம் லென்ஸோடு வராது, தனியாக வாங்க வேண்டும், அது எனக்குப் பிடிக்காத விஷயம். எடை 625 கிராம், அது பரவாயில்லை.

கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்காக 2021இல் வந்த ஆர்எஃப் 100 எம்எம் மேக்ரோ 1.4 மடங்கு வரை போகும். பூச்சி எடுப்பவர்கள் அதை வாங்கட்டும். மரத்துக்கு அவ்வளவு தேவைப்படாது. மிரர்லெஸ் கேமரா வைத்திருந்தாலும் சரி, அடாப்டர் போட்டால் இது நன்றாகவே வேலை செய்யும். நல்ல நிலையில் பழையது கிடைத்தால் அதையே எடுங்கள், மிச்சப் பணத்தில் ஆடாத ட்ரைபாட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.